போன தடவைபோல

காப்பீட்டு அட்டையை நகல் எடுக்கப் போனால் அவள் பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்வாள். பின்பக்கத்தில் எதுவும் இருக்காது. பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவருக்கு அவளைக் கண்டாலே பாதிச் சிரிப்பு, பாதி அலுப்பு.

"அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லீங்களே."

"ஒண்ணுமே இல்லைங்கிறதும் தெரியணும்ல. எடுங்கண்ணே."

நானும் அவளும் ஒரே ஆபீஸ். உரக்கடை மாடியில் நான்கு பேர் உட்கார்ந்து பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மென்பொருள் எழுதும் இடம். நான் அங்கே மூத்தவன். அவள் எனக்குப் பிறகு நான்கு வருடம் கழித்து வந்தவள். வயதிலும் ஏறக்குறைய அவ்வளவு இளையவள். நான் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவள் வேப்பந்தட்டைக்கு மேற்கே மலைப்பக்கத்து ஊரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். என்னை அண்ணா என்பாள். நான் மனம் சரியாக இருந்தால் 'ம்மா' போட்டுப் பேசுவேன், எரிச்சலில் இருந்தால் 'மேடம்' என்பேன். அவள் வேலையை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவளுக்கு ஒரு புதன்கிழமை என்ன நடந்தது என்று தெரியவேண்டியிருந்தது. அவள் அப்பாவுக்கு அன்று என்ன அளவில் மருந்து போட்டார்கள் என்ற ஒரே ஓர் எண். அது அவளுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்துவைத்துச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

ஆபீஸில் எல்லாரும் விடுப்புக் கடிதத்துக்குப் பழைய கடிதத்தைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவோம். அவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் 'அனுப்புநர்' என்பதிலிருந்து புதிதாக அடிப்பாள். கிண்டல் செய்யாத நாள் இல்லை. பிறகு ஒருநாள் நான் காய்ச்சலுக்கு எழுதிய கடிதத்தில் காரணத்தை மாற்ற மறந்து, ஒரே வருடத்தில் என் தங்கைக்கு இரண்டாவது தடவையாகக் கல்யாணம் செய்துவைத்தேன். முதலாளி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை அவரேதானா?" என்று கேட்டார். ஆபீஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "பழசு மேலயே எழுதாதீங்கண்ணா. போன வாட்டி என்ன எழுதினோம்னு நமக்கே தெரியாமப் போயிடும்," என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கடிதம் எழுதக்கூட இவளிடம் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று நினைத்தேன்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். ஒரே டப்பாவில் இரண்டு பேர் கைவைக்க விடமாட்டாள். புளிசாதம் கொண்டுவந்தால் மூடியில் உனக்கு, டப்பாவில் எனக்கு என்று பிரிப்பாள். ஊறுகாயையும் பிரிப்பாள். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூடியில் வைப்பது எப்போதும் அதிகமாகவே இருக்கும் என்பதைக் கவனிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

கணினி நிரலிலும் இந்தக் குணம்தான். நிரலில் ஒரு நோயாளியின் பதிவு என்றால் அது ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தேதி, எடை, ரத்த அழுத்தம் என்று சில எண்கள். கூடவே ஒரு சின்னப் பெட்டி, அதில் மருந்துப் பட்டியல். இந்தப் பதிவை நகல் எடுக்க, நாங்கள் எழுதும் பைத்தான் என்ற நிரல்மொழியில் இரண்டு வழி உண்டு. மேலோட்டமாக எடுத்தால் வெளிப்பெட்டி புதிதாக வரும். உள்ளே இருக்கும் சின்னப் பெட்டி புதிதாக வராது. பழையதையே இரண்டும் பங்குபோட்டுக்கொள்ளும். அடிவரை இறங்கி எடுத்தால் எல்லாமே புதிதாக வரும். கட்டளையில் வித்தியாசம் 'டீப்' என்று ஒரு சொல். அவள் எங்கேயும் அந்தச் சொல்லைப் போடாமல் நகலெடுத்ததில்லை. வேகம் குறையும், பழைய கணினி மூச்சுவாங்கும் என்று நான் சத்தம் போடுவேன்.

"டாக்டர் ஒருத்தர்தான். அவரையும் எதுக்கு மேடம் நகல் எடுக்கறீங்க?"

"டாக்டரை எடுக்கலண்ணா. அன்னைக்கு அவரு என்ன சொன்னாருங்கிறதை எடுக்கறேன். அது அன்னைக்கு சொன்னதாவே இருக்கணும்ல."

அப்புறம் ஒருநாள், நான் கேட்காமலே, அவள் வீட்டுக் கதையைச் சொன்னாள்.

"எங்கப்பாவும் சித்தப்பாவும் மனைப் பட்டாவுக்கு மனு குடுத்தாங்கண்ணா. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல. மனு ரெண்டு, வரைபடம் ஒண்ணு. ஜெராக்ஸ் கடையில கூட்டம்னு எங்கப்பா தன் மனுவுல 'வரைபடம் என் தம்பி மனுவோட இருக்கு'ன்னு எழுதிட்டாரு. கொஞ்ச நாள் கழிச்சு சித்தப்பா தன் மனையில கோடு சரியில்லைன்னு வேற வரைபடம் வெச்சாரு. எங்கப்பா மனுவை யாரும் தொடவே இல்ல. ஆனா எங்க மாட்டுக் கொட்டாய் சித்தப்பா பக்கம் போயிடுச்சு."

"ஏமாத்திட்டாரா?"

"சேச்சே. அவரு தன்னோடதைத்தானே திருத்தினாரு. இன்னிக்கும் பொங்கலுக்கு ரெண்டு வூட்டுக்கும் ஒரே கரும்புக் கட்டுதான். மாடுதான் பாவம், எந்தப் பக்கம் கட்டுறதுன்னு தெரியாம நிக்கும்."

"சரி, கொட்டாயை அப்புறம் மீட்கலாம். வேலையைப் பாரும்மா," என்றேன். அவ்வளவுதான் என் காதில் விழுந்தது.

பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறைக்கு நான் மென்பொருள் எழுதினேன். சிறுநீரகம் பழுதானவர்கள் வாரம் மூன்று தடவை வந்து மணிக்கணக்கில் படுத்திருப்பார்கள். மிஷின் அவர்கள் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பும். குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் என்ற மருந்து போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் மருந்துப் பட்டியல் முழுவதையும் அடிக்க வேண்டியிருக்கிறது என்று நர்ஸுகள் அலுத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பட்டன் செய்து கொடுத்தேன். அதன்மேல் 'போன தடவைபோல' என்று எழுதியிருக்கும். அமுக்கினால் முந்தைய தடவையின் பதிவு நகலாகி வந்துவிடும். மாற வேண்டியதை மட்டும் மாற்றினால் போதும். நர்ஸுகள் எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்கள். "இனிமே நோட்டுல எழுத வேண்டாங்க, எல்லாம் இதுலயே இருக்கும்," என்று அந்த அறையில் நின்று சொன்னவனும் நான்தான். நோட்டுகளை மூட்டை கட்டிக் கீழே கொண்டுபோனார்கள்.

அந்த நிரலை அவளிடம் பெருமையாகக் காட்டினேன். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"மருந்துப் பட்டியல் உள்ள இருக்குண்ணா. மேலாப்புல எடுத்தா ஒட்டிக்கிட்டே வரும்."

"மாத்திடறேன்ம்மா."

ஒரு வாரம் கழித்து, "மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள். மாற்றிவிட்டேன் என்றேன். மாற்றவில்லை. மாற்றக்கூடாது என்றெல்லாம் இல்லை. வேறு வேலை இருந்தது, அப்புறம் மறந்துபோனது. இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றும் இல்லை.

அதற்கடுத்த வருடம் அவள் அப்பாவுக்குச் சிறுநீரகம் போனது. அதே ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே போவாள். அதற்கும் ஒவ்வொரு தடவையும் புதுக் கடிதம். அவர் அதிகம் பேசாத மனிதர். ஒருமுறை என்னிடம், "உங்க பட்டன் நல்லா இருக்குங்க தம்பி. சட்டுனு முடிச்சுடறாங்க," என்றார். நான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு திங்கட்கிழமை டயாலிசிஸ் முடியும் நேரத்தில் டாக்டர் வந்து பார்த்தார். ஈறில் ரத்தம் கசிவதைப் பார்த்து, அடுத்த தடவையிலிருந்து ஹெப்பாரினை ஐயாயிரம் யூனிட்டிலிருந்து இரண்டாயிரமாகக் குறைக்கச் சொன்னார். புதன்கிழமை வேறொரு நர்ஸ் இருந்தாள். அவள் கணினி முன்னால் உட்கார்ந்து, "எப்பவும் போலதானே?" என்று கேட்டாள். அப்பாவின் காலுக்குப் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த இவள் திரும்பாமலே, "ஆமாங்க," என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போன பிறகுதான் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்திருக்கிறது. நர்ஸுக்கு டாக்டர் தனியாகச் சொல்லியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை அவருக்குத் தலைவலி. வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் போனபோது மூக்கிலும் ரத்தம் வந்ததால் டாக்டர் ஹெப்பாரினையே நிறுத்திவிட்டார். அன்று பிற்பகலில் மயங்கி விழுந்தார். திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். தலைக்குள் ரத்தக்கசிவு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்துபோனார். ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கு மருந்து போடாவிட்டாலும் இப்படி ஆவதுண்டு, இன்னதால்தான் என்று சொல்ல முடியாது என்றார் திருச்சி டாக்டர்.

காரியம் முடிந்து அவள் ஆபீஸ் வந்த அன்று யாரும் அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் வேலை செய்வதுபோல உட்கார்ந்திருந்தோம். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"புதன்கிழமை பதிவைப் பாக்கணும்ணா. ஐயாயிரமா ரெண்டாயிரமான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

"நர்ஸைக் கேட்டுப் பார்த்தியா?"

"கேட்டேன். ஞாபகமில்ல, கம்ப்யூட்டர்லதான் இருக்கும்ங்கறாங்க."

ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லிவிட்டு ஆபீஸிலிருந்தே பதிவைத் திறந்தோம். எடை ஒவ்வொரு நாளும் வேறு வேறாக இருந்தது. ரத்த அழுத்தமும் அப்படியே. எல்லாம் சரி. ஹெப்பாரின் மட்டும் புதன்கிழமை பூஜ்யம். திங்கட்கிழமையும் பூஜ்யம். அதற்கு முந்தைய வாரமும், அதற்கு முந்தைய வாரமும் பூஜ்யம். திங்கட்கிழமை ஐயாயிரம் போட்டதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். திரையில் கொஞ்ச நேரம் மேலும் கீழும் போய்வந்தாள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டு நிறுத்திய நாள்வரை பூஜ்யங்கள் போயின. அதற்கு முன்னால் ஒரு மாதம் முழுக்க ஐயாயிரம்.

அவள் நிரலைத் திறந்து நேராக அந்த வரிக்குப் போனாள். 'டீப்' இல்லை. வரிக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது.

நடந்தது இதுதான். அந்த அறைக் கணினியை அணைக்கவே மாட்டார்கள். கரண்டு போய் யு.பி.எஸ்.ஸும் தீர்ந்தால்தான் அது அணையும்; அணைந்து எழுந்தால்தான் பழைய நாட்கள் பிரிந்து தனித்தனியாக நிற்கும். அதுவரை ஒரு நோயாளியின் எல்லா நாட்களும் ஒரே மருந்துப் பட்டியலைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை பூஜ்யம் என்று மாற்றியபோது முந்தைய நாட்கள் எல்லாமே பூஜ்யமாயின. கடைசியாக எழுதியது எதுவோ அதுவே எல்லா நாளிலும் இருக்கும். அன்றன்றைக்கு எழுதியது எங்கேயும் இருக்காது.

அவள் அந்தச் சொல்லைச் சேர்த்தாள். சோதித்துப் பார்த்தாள். ஆபீஸ் வழக்கப்படி, நான் பார்த்து ஒப்புக்கொள்வதற்காக எனக்கு அனுப்பினாள். என் நாற்காலிக்கும் அவள் நாற்காலிக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் இடம்தான். நான் பார்த்து 'சரி' என்று அமுக்கினேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. டீ வந்தது, குடித்தேன்.

போகும்போது, "பேக்கப் ஏதாவது இருக்குமாண்ணா?" என்றாள்.

"பாக்கறேன்ம்மா."

"நான்தான் ஆமாங்கன்னு சொன்னேன். அதான்."

பேக்கப் இருந்தது, அதுவும் தினமும் பழசின் மேலேயே எழுதப்படும் பேக்கப். அதிலும் பூஜ்யம்தான். அவள் பிறகு கேட்கவில்லை. வேலை செய்தாள், வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் ஆபீஸில் யாராவது எதையாவது கேட்டால் உடனே பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். "டீ சொல்லட்டுமா?" என்றால்கூடத் திரும்பி, கேட்டவர் முகத்தைப் பார்த்து, "என்ன கேட்டீங்க?" என்பாள். இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் ஆமாம் என்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதாவது வலிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். ஒன்றும் வலிக்காது. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நாட்கள் போயின.

இரண்டு மாதம் கழித்து என் மடிக்கணினியில் வேறு எதையோ தேடும்போது ஒரு கோப்புறை அகப்பட்டது. அந்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் பிரின்டர் தகராறு என்று போயிருந்தேன். பார்ப்பதற்காக நோயாளிகளின் பதிவு மொத்தத்தையும் பென்டிரைவில் எடுத்துவந்து அப்படியே மறந்துவிட்டிருக்கிறேன். வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமைப் பூஜ்யத்துக்கு முந்தைய நாள். கடைசியாக எழுதியது அதில் புதன்கிழமைதான்.

திறந்தேன். ஐயாயிரம். புதன்கிழமை ஐயாயிரம், திங்கட்கிழமை ஐயாயிரம், அதற்கு முந்தைய நாட்கள் எல்லாம் ஐயாயிரம்.

அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்படி யோசிக்கவில்லை. திருச்சி டாக்டர் சொன்னதை அவள் கேட்டுக்கொள்ள மாட்டாள், எண்ணை மட்டும்தான் பிடித்துக்கொள்வாள் என்று தெரியும். அன்று மத்தியானமே அந்தப் பதிவை நகல் எடுத்தேன். அடிவரை இறங்கி எடுக்கும் கட்டளையில் எடுத்தேன். மூலத்தில் எதுவும் மாறிவிடக்கூடாது என்று அவ்வளவு கவனம். நகலில் புதன்கிழமைக்குப் போய் ஐயாயிரத்தை அழித்து இரண்டாயிரம் என்று போட்டேன். மற்ற நாட்களைத் தொடவில்லை.

நான்கு மணி டீக்கு மற்ற இருவரும் கீழே போனபோது அவளுக்கு அனுப்பினேன்.

"வியாழக்கிழமை எடுத்தது ஒண்ணு கிடைச்சுதும்மா. ரெண்டாயிரம்தான் போட்டிருக்காங்க. உன்மேல ஒண்ணும் இல்ல."

அவள் உடனே திறந்தாள். புதன்கிழமைக்கு நேராகப் போகவில்லை. கரண்டு நிறுத்திய நாளிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நாளாகப் படித்துக்கொண்டு வந்தாள். புதனுக்கு வந்ததும் நின்றாள். மறுபடி திங்கட்கிழமைக்குப் போனாள்.

"இது வியாழக்கிழமையே எடுத்ததாண்ணா?"

"ஆமாம்மா."

"அப்ப பழைய பட்டன்தான் ஓடிக்கிட்டிருந்துது."

"ஆமா. நீ அப்புறம்தானே சரிபண்ணே."

"திங்கக்கிழமை ஐயாயிரம்னு இருக்கு."

"அன்னைக்கு ஐயாயிரம்தானேம்மா போட்டாங்க."

"ஆமாண்ணா. அன்னைக்கு ஐயாயிரம்தான்."

பிறகு அந்தக் கோப்பை மூடினாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "இந்தத் தடவை முழுசா எடுத்திருக்கீங்கண்ணா," என்றாள். குரலில் கோபம் இல்லை. எனக்கு வெகுநாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. படிக்கட்டில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் நான் ஏறிய அரியலூர் பஸ் பேரளியைத் தாண்டிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு சிமென்ட் லாரி வழிவிடாமல் போனது. அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய பட்டன் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் புதன்கிழமை இரண்டாயிரம் என்று எழுதியிருந்தால், திங்கட்கிழமையும் இரண்டாயிரமாக மாறியிருக்கும். அதற்கு முந்தைய நாட்களும் மாறியிருக்கும். திங்கட்கிழமை ஐயாயிரமாகவும் புதன்கிழமை இரண்டாயிரமாகவும் இருக்கும் ஒரு கோப்பை என் நிரலால் எழுதவே முடியாது. யாராவது உட்கார்ந்து கையால் மாற்றினால்தான் அப்படி வரும். எதை மாற்றியிருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா?

போன் போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"ம்மா... அந்தப் புதன்கிழமை..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணா," என்றாள். "அம்மா கூப்புடறாங்க. வெச்சுடறேன்."